குளத்துப் பாதுகாப்புக் கம்பி 19 அடி குறைந்தது தொடர்பாக

மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோவில் பரிபாலன சபை சார்பில் எழுதுகிறேன். கோவிலுக்கு முன்னால் உள்ள நீள்வட்டக் குளத்தைச் சுற்றிப் பாதுகாப்புக் கம்பி போட உங்களிடம் முற்பணம் கட்டியிருந்தோம். அளவெடுத்ததும் உங்கள் ஆள்தான், அடிக்கணக்கு எழுதியதும் அவர்தான். போன வியாழக்கிழமை கடைசித் துண்டையும் பொருத்தி முடித்தார்கள். கம்பி சுற்றி வந்து சேரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கிட்டத்தட்ட 19 அடி திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் ஓடிவருவதும் அந்தப் பக்கமாகத்தான். இப்போதைக்கு மூங்கிலைக் குறுக்கே கட்டி வைத்திருக்கிறோம். மழையில் கயிறு நனைந்து தளர்ந்துவிடுகிறது, தினமும் யாராவது போய் இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது.

குளம் 40 அடி நீளம், 12 அடி அகலம். உங்கள் ஆள் எழுதித் தந்த சுற்றளவு 68 அடி 10 அங்குலம். எப்படி வந்தது என்று கேட்டேன். குளத்தின் பரப்பைக் கண்டு, அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவை எடுத்தாராம். "பரப்பு ஒன்றென்றால் சுற்றும் ஒன்றுதானே டீச்சர்" என்றார்.

இல்லை. பத்துக்குப் பத்து அடிப் பாத்திக்கு 40 அடி வேலி போதும். இருபதுக்கு ஐந்து அடிப் பாத்திக்கும் பரப்பு அதே 100 சதுர அடிதான், வேலி மட்டும் 50 அடி வேண்டும். ஒரே பரப்புக்கு ஆகக் குறைந்த சுற்றளவு வட்டத்துக்குத்தான். வடிவம் நீள நீளச் சுற்றளவு கூடும்.

கணக்கே போடாமலும் இது பிடிபட்டிருக்க வேண்டும். குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராகப் போய்த் திரும்பினாலே 80 அடி. கரையோரமாக வளைந்து சுற்றுகிறவருக்கு 69 அடி எப்படிப் போதும்?

வட்டத்துக்கு இருப்பது போல நீள்வட்டச் சுற்றளவுக்கு எளிய, துல்லியமான சூத்திரம் கிடையாது, அது உண்மைதான். ஆனால் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் தந்த தோராயச் சூத்திரம் இந்த வேலைக்குத் தாராளம். பாதி நீளம் 20, பாதி அகலம் 6. கூட்டினால் 26, அதன் மும்மடங்கு 78. இருபதின் மும்மடங்கோடு 6 சேர்த்தால் 66, ஆறின் மும்மடங்கோடு 20 சேர்த்தால் 38. இவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 50.08. அதை 78இலிருந்து கழித்து 3.1416ஆல் பெருக்குங்கள். 87.7 அடி வரும். அப்புறம் நானும் சபைத் தலைவரும் கரை விளிம்போடு கயிறு போட்டு அளந்தோம். 87 அடி 9 அங்குலம்.

குறைந்த 19 அடிக்கு, பேசிய விலையில் அடிக்கு 2,800 ரூபாய்ப்படி 53,200 ரூபாய் தரத் தயாராக இருக்கிறோம். அந்தக் கம்பி எங்களுக்குத் தேவையானது, அதை இலவசமாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அலுவலகம் கேட்கும் 3,400 ரூபாய்ப் புது விலையையும், இன்னொரு லொறிக் கூலியையும், வெல்டிங் கூலியையும் தர மாட்டோம். பிழை உங்கள் தாளில் நடந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மாதா மாதம் சேர்த்துத் தந்த காசு இது.

பத்து நாளுக்குள் அதே கனமுள்ள பைப்பில் மீதியை முடித்துத் தாருங்கள். திரும்ப அளக்க வேண்டுமானால் ஆளை அனுப்புங்கள், டேப்பின் மறுமுனையை நானே பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
கோவில் பரிபாலன சபை