மீதி இருக்கும் நான்கு

தருமபுரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கைவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எழுத்து நேராக இருப்பதால் நம்புகிறேன். இங்கே நான் மாடிப்படி ஏறுவதை நிறுத்தியாயிற்று. போன வாரக் காற்றில் முருங்கை சாய்ந்து, காயெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் தொங்குகிறது. அவர்களுக்கு யோகம்.

உன் பெண் கவிதா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் தாலசீமியா என்ற இரத்த நோயின் மரபணு ஒவ்வொன்று இருப்பது தெரிந்து, கலிபோர்னியாவில் செயற்கைக் கருத்தரிப்புக்குப் போனது சரியான முடிவு. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது சின்ன ஆபத்தா? மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டு வளரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து கருவில் ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதிதான்.

மீதி இருக்கும் நான்கைப் பற்றி நீ எழுதியிருப்பதுதான் இரண்டு நாளாக உறங்கவிடவில்லை. எது உயரமாக வளரும், எதற்குச் சர்க்கரை வரும், எதற்கு அறிவு கூர்மை என்று ஒரு நிறுவனம் மதிப்பெண் போட்டுத் தருகிறதாம். "எடுத்த ரத்தத்துக்கு இன்னொரு சோதனையும் பார்த்துவிடலாமே என்பது போலச் சாதாரணமாகக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் தாவரவியல் நடத்தி, மெண்டலின் பட்டாணியை எனக்கே சொல்லிக்கொடுத்தவள் நீ. அப்படியும் என்னைக் கேட்கிறாய் என்றால், நான் எந்த ஊர்களில் நர்ஸாக இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் டவுனுக்கு ஸ்கேன் இயந்திரம் வந்தபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். குழந்தை குறுக்கே கிடக்கிறதா, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று முன்கூட்டித் தெரிந்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள்! ஒரு வருடம்கூட ஆகவில்லை, கேள்வி மாறிவிட்டது. "என்ன குழந்தை என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர்." அப்படிக் கேட்ட ஒருத்தி இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். அடுத்த மாதம் வயிறு காலியாக வந்து நின்றாள். பதிவேட்டில் 'தானாகக் கலைந்தது' என்று எழுதினேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். 1992இல் சேலத்தில், வேண்டாமென்ற பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994இல் பாலினம் அறிவிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நாடு முழுவதும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. இயந்திரம் யாரையும் கெடுக்கவில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஆசைக்கு அது வழிகாட்டியது, அவ்வளவுதான்.

சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர் செய்தது உனக்கு நினைவிருக்கும். 2018இல் கருவிலேயே, எச்ஐவி உடலுக்குள் நுழைய வழிவிடும் சிசிஆர்5 என்ற மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். தந்தைக்கு எச்ஐவி, ஆகவே பிள்ளைகளை அது தொற்றவே முடியாதபடி செய்கிறேன் என்றார். விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தினாலே தந்தையிடமிருந்து தொற்றாமல் தடுக்கலாம், அதையும் செய்துதான் இருந்தார்கள். பிறகு எதற்குத் திருத்தம்? எச்ஐவியைத் தடுப்பதாக ஐரோப்பியர் சிலரிடம் இயற்கையாக இருக்கும் மாற்றத்தைக்கூட அவரால் அப்படியே கொண்டுவர முடியவில்லை. அந்த மரபணு வேலை செய்யாதவர்களை, கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் கடுமையாகத் தாக்கும் என்பது வேறு. மூன்று வருடச் சிறை, முப்பது லட்சம் யுவான் அபராதம். அவசரப்பட்டுவிட்டார் என்று உலகம் திட்டியது. எனக்கு உறுத்தியது, அந்தக் குழந்தைகளுக்கு நோயே இல்லை என்பது.

கிழவி அறிவியலுக்கு எதிரி ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. என் முதல் பணியிடம் கூடலூர். இரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகையை இந்தியாவில் முதன்முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். வலி தாங்காமல் சுருண்டு கிடந்த ஒரு பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் அந்த நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சையை அமெரிக்கா அனுமதித்த செய்தியைப் படித்து அழுதேன். விலை 22 லட்சம் டாலர் என்ற அடுத்த வரியைப் படித்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. அந்தச் சிகிச்சை நோயாளியின் இரத்த அணுக்களோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. இன்னொன்று: அந்த அரிவாள் மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்களை கடுமையான மலேரியா அவ்வளவாக அண்டாது. எது கெட்ட மரபணு என்று சொல்லவே நமக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ட்யூஷனுக்கு அனுப்புகிறோமே, பெண் பார்க்கும்போது நிறம் பார்க்கிறோமே, இது மட்டும் என்ன என்று நீ கேட்பாய். கேட்டால் எனக்குச் சங்கடம்தான். ஆனால் என் பிள்ளை டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனான். மரபணுவைத் திருத்திவிட்டால் அதற்கு எப்படி மட்டம் போடுவது? கவிதா யாரையும் திருத்தவில்லை, தேர்ந்தெடுக்கத்தான் போகிறாள், தெரியும். பத்துக் கருவில் முதல் மதிப்பெண் வாங்கியதை வைத்தாலும் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் உயரம், இரண்டரை ஐக்யூ புள்ளி, அவ்வளவுதான் லாபம் என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நான்கில் இன்னும் குறையும். அந்த அற்ப லாபத்துக்காக அந்த மதிப்பெண் தாள் வீட்டில் பீரோவுக்குள் இருக்கும். பிள்ளை ஏழாம் வகுப்புக் கணக்கில் தோற்கும் நாளில் யாராவது அதை எடுத்துப் பார்ப்பார்கள். அறிவில் முதலாவதாக வந்த கருவாயிற்றே என்று கேட்காமல் இருக்க அவளால் முடியுமா? உன்னாலும் என்னாலும் முடிந்திருக்குமா?

ஆகவே என் பதில் இது. தாலசீமியா பார்த்தாயிற்று. மீதி நான்கில் எது நன்றாக வளர்ந்திருக்கிறதோ அதை மருத்துவரே வைக்கட்டும், எப்போதும் செய்கிற வழக்கம்தான். மதிப்பெண் தாளை வாங்கவே வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குத் தடை கிடையாது. உன் சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே மூன்று பேத்திகள். நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கவிதா அந்தப் படிவத்தில் என்ன நிரப்பினாள் என்று கேட்டு எழுது.

வெங்காய வடகம் காயவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சரோஜா