எம்.எஸ்.டபிள்யூ அட்மிஷன் போடுறவங்களுக்கு: பர்சண்டேஜ மட்டும் வெச்சு ஆள வடிகட்டாதீங்க

தமிழ்நாட்டுல எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) நடத்துற காலேஜ் பிரின்சிபால்களுக்கும், சோஷியல் வொர்க் டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டிகளுக்கும், அட்மிஷன் கமிட்டில உக்காருற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சி பக்கம் குழந்தைகளுக்காக வேலை பாக்குற ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல இருக்கேன். வருஷா வருஷம் உங்க ஸ்டூடண்ட்ஸ் வாரத்துல ரெண்டு நாள் எங்ககிட்ட ஃபீல்ட்வொர்க் வர்றாங்க, சில பேர் பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கும் (தொடர்ச்சியா செய்யற களப் பயிற்சி) வந்து தங்குறாங்க, அவங்க எழுதுற ரிப்போர்ட்டப் படிச்சு கையெழுத்து போடுறது நான்தான். நீங்க யார எடுக்குறீங்களோ அவங்க ரெண்டு மாசத்துல எங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. அந்த உரிமையில ஒண்ணு கேக்குறேன். எலிஜிபிலிட்டி மார்க்கத் தாண்டின பிள்ளைங்கள மறுபடியும் அதே மார்க்க வெச்சு வரிசைப்படுத்தி, மேல இருக்கறவங்கள மட்டும் இன்டர்வியூக்குக் கூப்பிடாதீங்க. இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்காங்கன்னு அதுக்கு முன்னாடியே பாருங்க.

எங்க ஏரியால இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா ஒரு பொண்ணு இருந்தா. 2021 கடைசில திட்டம் ஆரம்பிச்சப்போ சேந்தவ, மாசம் 1000 ரூபா, பகல்ல கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ், சாயங்காலம் தெருப் பிள்ளைங்களுக்கு வகுப்பு. அந்த வகுப்புக்கு செங்கல் சூளைக்கு வேல தேடி வேற மாவட்டத்துலேருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன் வர ஆரம்பிச்சான், ஸ்கூலுக்கு மட்டும் போகல. ஏன்னு அவதான் விசாரிச்சா. எமிஸ்ல, அதாவது பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல, பேர் பழைய ஸ்கூல்லயே கெடக்கு, அவங்க அத காமன் பூலுக்கு (வேற ஸ்கூல் எடுத்துக்கற பொதுப் பட்டியல்) விடாம இங்க ஏத்த முடியாதுன்னு இங்க உள்ள ஸ்கூல்ல சொல்லி அனுப்பிட்டாங்க. இவ அந்தப் பழைய ஸ்கூல் நம்பரத் தேடிப் பிடிச்சு, ஹெட்மாஸ்டர்ட்ட விடாம பேசி, பேர ரிலீஸ் பண்ண வெச்சா. அது வர்ற வரைக்கும் பையன் வகுப்புல உக்காரட்டும், டி.சி லேட்டாகுதுன்னு அட்மிஷன மறுக்கக் கூடாதுன்னு ஆர்.டி.இ (கல்வி உரிமை) சட்டத்துலயே இருக்குன்னு இங்க உள்ள டீச்சர்ட்ட பணிவா எடுத்துச் சொன்னா. பையனோட அம்மாவுக்கு இதெல்லாம் என்னன்னே புரியல, ஒவ்வொரு தடவையும் சூளைக்கே போய் நின்னு, அவங்க கல்லு அடுக்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து சொல்லிட்டு வந்தா.

ஒருத்தரோட பிரச்சனைக்கு கூடவே நின்னு வழி பண்றது, அவங்க உரிமைக்காகப் பேசறது, இதுக்குப் பேர்தான் நீங்க கிளாஸ்ல நடத்துற கேஸ்வொர்க், அட்வகசி எல்லாம். அவளுக்கு அந்தப் பேர் தெரியாது, அவ்ளோதான்.

அவ டிகிரில பார்ட் த்ரீல, அதாவது மெயின் பாடங்கள்ல, 54 பர்சண்ட். எம்.எஸ்.டபிள்யூவுக்கு 50 இருந்தா அப்ளை பண்ணலாம்னு போட்டிருந்தாங்க, பண்ணா, இன்டர்வியூக்கே கூப்பிடல. அந்த ஃபார்ம வாங்கிப் பாத்தேன். எக்ஸ்பீரியன்ஸ்னு ஒரு கட்டம், அதுல நிறுவனத்தோட பேர், டெசிக்னேஷன், சர்டிபிகேட் இணைக்கவும்னு கேட்டிருக்கு. அத காலியா விட்டிருக்கா. ஏம்மா எதுவும் எழுதலன்னு கேட்டேன், "அது வேலை இல்லையேக்கா, தன்னார்வலர்தானே"ன்னா. எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே ஆறல. அவ மேல தப்பு சொல்ல முடியாது, கேள்வி அப்படி இருந்தா பதில் அப்படித்தான் இருக்கும்.

மார்க்கு எல்லாருக்கும் பொதுவான அளவு, அதுலதான் பாரபட்சம் வராதுன்னு நீங்க சொல்லுவீங்க. அட்டானமஸ் காலேஜ் தானே கொஸ்டின் பேப்பர் எடுத்து தானே திருத்துது, அஃபிலியேட்டட் காலேஜ் பிள்ளைங்க யூனிவர்சிட்டி பரீட்சை எழுதுறாங்க, ரெண்டு பர்சண்டேஜையும் ஒரே எக்ஸெல் ஷீட்ல போட்டு மேலேருந்து கீழ அடுக்குனா அது எப்படிங்க பொது அளவாகும்? தமிழ் மீடியத்துலேருந்து வந்து மொத ரெண்டு செமஸ்டர்ல அரியர் வாங்கி, அப்புறம் தட்டுத் தடுமாறி எழுந்து கடைசி ரெண்டு செமஸ்டர்ல நல்லா வாங்கின பிள்ளையோட உழைப்பும் அந்த ஒத்த நம்பர்ல தெரியாது.

அதுக்காக மார்க்கே வேணாம்னு சொல்ல வரல. ரிசர்ச் மெத்தடாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் படிச்சுத்தான் ஆகணும், பின்னாடி காலேஜ் ஆசிரியர் வேலைக்கான நெட் பரீட்சை எழுதணும்னா பிஜில பொதுப் பிரிவுக்கு 55, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50 பர்சண்ட் வேணும். நல்லா படிக்கிற பிள்ளைங்க எங்ககிட்ட வந்து சட்டப் பிரிவ சரியா எடுத்து எழுதுன ரிப்போர்ட்டால கேஸ் நகர்ந்ததும் உண்டு. இந்தப் பக்கம், அனுபவம் இருக்கறவங்க எல்லாம் தங்கம்னும் சொல்ல மாட்டேன், வீட்டுக்குள்ள போனதும் "நான் வாங்கித் தர்றேன்"னு வாக்கு குடுத்துட்டு வர்றது, ஜனங்கள அதட்டுறது, சொன்னா "இத நான் ரொம்ப நாளா பாக்குறேன் மேடம்"னு காது குடுக்காம இருக்கறது, எல்லாத்தையும் பாத்தாச்சு. பழகுன பழக்கத்த மாத்துறது கஷ்டமான வேல.

இன்னொண்ணும் பயமா இருக்கு. அனுபவத்துக்கு மார்க்குன்னு அறிவிச்சீங்கன்னா மறுநாளே லெட்டர்பேடுல சர்டிபிகேட் அடிச்சுக் குடுக்க ஆள் வந்துரும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பு வசதி இருக்குற வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் முடியும், மத்ததுங்க அந்த நேரத்துல துணிக்கடையில நிக்குதுங்க. அதனால பேப்பரக் கேக்காதீங்க, கதையக் கேளுங்க. நூறு நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா இருந்தது, படுத்த படுக்கையா கெடந்த பாட்டிய ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டது, 2023 டிசம்பர் வெள்ளத்துல தூத்துக்குடில சாப்பாடு கொண்டு போய்க் குடுத்தது, எல்லாம் எழுதலாம்னு ஃபார்ம்லயே தெளிவா போடுங்க. இன்டர்வியூல தமிழ்லயே கேளுங்க: ஒருத்தருக்கு உதவப் போன இடத்துல என்ன நடந்துச்சு, எங்க சறுக்குச்சு, அப்புறம் என்ன பண்ணே? இட்டுக்கட்டிச் சொல்றவங்க ரெண்டாவது கேள்வியில நின்னுருவாங்க.

ஏன் இவ்வளவு வற்புறுத்துறேன்னா, டிகிரி இல்லாம இந்தத் துறையில மேல போற வழி குறைஞ்சுக்கிட்டே வருது. குழந்தைகள் நலக் குழு உறுப்பினராக 2015 சிறார் நீதிச் சட்டத்துல குழந்தைகளுக்கான வேலையில ஏழு வருஷ அனுபவம், இல்லேன்னா சோஷியல் வொர்க் மாதிரி ஒரு டிகிரியோட தொழில் செய்யறவங்களா இருக்கணும்னு இருந்துச்சு. 2021 திருத்தத்துக்கு அப்புறம் அந்த ஏழு வருஷம் இருந்தாலும் கூடவே டிகிரி கட்டாயம். மனநல மருத்துவமனையில சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் ஆகணும்னா 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எம்.எஸ்.டபிள்யூவுக்கு மேல எம்.ஃபில்லோ, விதியில ஏத்துக்கிட்ட வேற தகுதியோ வேணும். சட்டம் இப்படி இறுகும்போது உள்ள விடுற வாசக்கதவு உங்க கையில இருக்கு. படிப்புல சலுகை கேக்கல. அமெரிக்காவுல பழைய வேலை அனுபவத்துக்குப் பதிலா கோர்ஸ் கிரெடிட் குடுக்கக் கூடாதுன்னு அங்கீகார விதியிலயே வெச்சிருக்காங்க, அது சரியான விதிதான். உள்ள வந்ததும் எல்லாரும் ஒரே பாடம் படிக்கட்டும்.

முடிஞ்சா எலிஜிபிள் ஆன எல்லாரையும் இன்டர்வியூக்குக் கூப்பிடுங்க. கூட்டம் அதிகம்னா ஷார்ட்லிஸ்ட் போடும்போதே அனுபவத்துக்கு இவ்வளவு மார்க், டிகிரிக்கு இவ்வளவுன்னு ப்ராஸ்பெக்டஸ்ல வெளிப்படையா போட்டுருங்க. பேனல்ல களத்துல இருக்குற ஒருத்தர உக்கார வைங்க, எங்கள மாதிரி சூப்பர்வைசர்ஸ் காசு வாங்காம வர்றோம், சனிக்கிழமை வெச்சா இன்னும் சௌகரியம். அடுத்த வருஷ ஃபார்ம் ரெடி பண்றதுக்கு முன்னாடி எங்கள ஒரு தடவ கூப்பிட்டுப் பேசுங்க, அந்த எக்ஸ்பீரியன்ஸ் கட்டத்துல என்ன கேக்கணும்னு சேந்தே எழுதலாம். அந்தப் பொண்ணு மறுபடியும் அப்ளை பண்றதா இருக்கா.

இப்படிக்கு,
ஒரு ஃபீல்ட்வொர்க் சூப்பர்வைசர், திருச்சி