கென்யாவுக்கு ஆட்டங்கள் தாருங்கள்: சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2027-ஆம் ஆண்டின் ஒருநாள் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் நடைபெற இருக்கிறது. இதற்கு முன் 2003-இல் அக்கோப்பை ஆப்பிரிக்க மண்ணில் நடந்தபோது, போட்டிகளை நடத்திய நாடுகளில் கென்யாவும் ஒன்று. அம்முறை அரையிறுதி வரை சென்ற ஒரே ஆப்பிரிக்க அணியும் அதுதான். அந்த நாட்டுக்கு இன்று ஒருநாள் சர்வதேசப் போட்டி ஆடும் தகுதிகூட இல்லை. இந்த வீழ்ச்சியில் கென்ய நிர்வாகிகளுக்குள்ள பெரும் பொறுப்பை நான் மறைக்கவில்லை. ஆயினும் உங்கள் அமைப்புக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சொல்லவும், இனிச் செய்யக்கூடியதைக் கேட்கவுமே இதை எழுதுகிறேன்.

நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததால் கிடைத்த புள்ளிகளைக் காட்டி, அந்த அரையிறுதியை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. அவர்கள் நைரோபி ஜிம்கானா மைதானத்தில் நடந்த இலங்கை ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 210 ரன்கள் மட்டுமே எடுத்த கென்யா, காலின்ஸ் ஒபுயாவின் லெக் ஸ்பின்னில் விழுந்த ஐந்து விக்கெட்டுகளின் துணையுடன் இலங்கையை 157 ரன்களில் சுருட்டியது. பின்னர் வங்கதேசமும் ஜிம்பாப்வேயும் தோற்றன. டர்பனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த 39 வயது ஆசிஃப் கரீம் 8.2 ஓவர்கள் வீசி, ரன்னே கொடுக்காத ஆறு ஓவர்களுடன் (மெய்டன்) 7 ரன்கள் மட்டுமே கொடுத்து, மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவர் அன்று வீழ்த்தியவர்களில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் பாண்டிங்கும் ஒருவர். 1996-இல் புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்களுக்கு வீழ்த்தியதும், 1998-இல் குவாலியரில் இந்தியாவை வென்றதும் இதே அணிதான். 2003-இல் அணித்தலைவராக இருந்த ஸ்டீவ் டிகோலோவைப் போன்ற ஒரு மட்டையாளர் டெஸ்ட் ஆடும் நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய சாதனைக் கணக்கே வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிப்பட்ட அணிக்கு அந்த 2003 வெற்றிக்குப் பின் மிகவும் தேவைப்பட்டவை ஆட்டங்கள். அவைதாம் கிடைக்கவில்லை. 2004-இல் சாம்பியன்ஸ் கோப்பையில் இரண்டே ஆட்டங்கள். 2005-இல் ஒருநாள் சர்வதேசப் போட்டி ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் வீரர்களுக்கும் வாரியத்துக்கும் இடையே ஊதியத் தகராறு முற்றியது, முன்னாள் அணித்தலைவர் மாரிஸ் ஒடும்பேவுக்குச் சூதாட்டத் தரகருடன் கொண்ட தொடர்புக்காக ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது, பழைய வாரியமே கலைந்து புதிய அமைப்பு உருவாக வேண்டியதாயிற்று. இவையெல்லாம் உள்நாட்டுக் குற்றங்கள்தாம். ஆனால் உலகமே திரும்பிப் பார்த்த ஓர் அணிக்கு ஆட்ட அட்டவணை இல்லாதபோது விளம்பரதாரரும் வருவதில்லை, வாரியத்திடம் பணமும் சேர்வதில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பின்பற்ற ஆளும் இருப்பதில்லை. 2000-இல் டெஸ்ட் தகுதி பெற்ற வங்கதேசம் முதல் டெஸ்ட் வெற்றியைக் காண 2005 வரை ஆனது. அதுவரை நீங்கள் பொறுமை காத்தது சரியே. அந்தப் பொறுமையில் ஒரு பங்கு கென்யாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

2011 உலகக் கோப்பையில் சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்திடம் கென்யா 69 ரன்களுக்குச் சுருண்டு, பத்து விக்கெட்டுகளில் தோற்றது. எட்டே ஆண்டுகளில் நேர்ந்த சரிவு இது. 2014 ஜனவரியில் ஒருநாள் தகுதியும் பறிபோனது. அண்மையில்கூட, 2024-இல் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்ட முன்னாள் இந்திய வீரர் தொட்ட கணேஷ் ஒரு மாதத்திலேயே நீக்கப்பட்டார். இத்தகைய நிர்வாகத்தைக் கண்டிக்க உங்களுக்கு உரிமை உண்டு. கைவிட உரிமை இல்லை.

வாய்ப்புக் கிடைத்தால் இப்பகுதி என்ன செய்யும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அண்டை நாடான உகாண்டா, ஜிம்பாப்வேயைத் தோற்கடித்து 2024 டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. நமீபியா 2025 அக்டோபரில் விண்டூக்கில் தென்னாப்பிரிக்காவையே வென்றது. நமீபியாவிடம் தொடர்ந்து ஆட்டங்களும் நிலையான நிர்வாகமும் இருந்தன. கென்யாவிடம் இல்லாதவை அவைதாம். திறமையை ஒருபோதும் குறையாகச் சொல்ல முடியாது.

ஆகவே, தென்னாப்பிரிக்காவுக்கோ ஜிம்பாப்வேக்கோ சுற்றுப்பயணம் வரும் முழு உறுப்பு நாடுகளின் 'ஏ' அணிகள் (இரண்டாம் நிலை அணிகள்) நைரோபியிலும் சில ஆட்டங்கள் ஆடும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான செலவைப் பொது வருவாயிலிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு வழங்கும் நிதியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் என்றே ஒதுக்கி, வாரியத்தில் யார் வந்தாலும் போனாலும் அது நிற்காதபடி நேரடியாகக் கண்காணியுங்கள். இந்த இரண்டையும் 2027 உலகக் கோப்பைக்கு முன்பே தொடங்கி, ஐந்தாண்டு அட்டவணையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கென்ய அணியின் தமிழ் ரசிகன் ஒருவன்