மூன்லைட் டாக்டர்

அன்புள்ள கண்ணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

வியாழக்கிழமை போனில் நீ "எல்லாம் வீணாப் போச்சுப்பா" என்றதும் எனக்குப் பதில் வரவில்லை. பி.டி. வாத்தியாருக்கு சட்டென்று வருவது விசில் ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நீ இருக்கும் மினசோட்டா மாநிலத்திலேயே, வடக்கே சிஷோம் என்று ஓர் இரும்புச் சுரங்க ஊர். அங்கே டாக்டராக இருந்தவர் ஆர்ச்சி கிரஹாம். 'மூன்லைட்' என்பது பேஸ்பால் ஆடிய காலத்துப் பட்டப்பெயர். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத்தான் அவரைப் பற்றிப் பேசுவார்கள். 1905 ஜூன் 29, புரூக்ளின். இவருடைய அணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் 11-1 என்று ஜெயித்த ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் இவரை ஃபீல்டிங்குக்கு இறக்கினார்கள். பந்து இவர் பக்கமே வரவில்லை. ஒன்பதாவதில் அடுத்து நாம்தான் என்று மட்டையும் கையுமாக நிற்கிறார். முன்னால் ஆடியவர் அவுட். மூன்றாவது அவுட் என்பதால் இன்னிங்ஸும் முடிந்தது. அவ்வளவுதான், மேஜர் லீக் என்ற பெரிய லீகில் அவர் கணக்கு முடிந்தது.

ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் ஒட்டவில்லை. அதற்கு முன்பே சார்லட், நாஷுவா, மான்செஸ்டர் என்று அதற்குக் கீழே இருக்கும் மைனர் லீக் அணிகளில் ஓடியவர். அதே 1905-இல் மேரிலாந்தில் மருத்துவப் படிப்பையும் முடித்திருக்கிறார். அடுத்த வருஷம் ஸ்க்ரான்டன் அணிக்கு ஆடி .336 எடுத்தார், அதாவது மூன்று தடவை மட்டை பிடித்தால் ஒரு தடவை ஹிட். நியூயார்க் ஸ்டேட் லீகில் அந்த சீசனில் அதுதான் முதலிடம். வாய்ப்பு போன மறுவருஷம்! இதை ஒருவரும் சொல்வதில்லை. 1908 வரை ஸ்க்ரான்டனில் ஆடினார். கையில் டாக்டர் பட்டம் இருந்தும் ஆடினார் என்றால், ஆட்டம் பிடித்திருக்கிறது, வேறென்ன?

(இவர் தம்பி ஃபிராங்க் கிரஹாம்தான் பின்னாளில் காஷ்மீர் விவகாரத்துக்கு ஐ.நா. பிரதிநிதியாக வந்தவர். உன் தாத்தா இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.)

சிஷோம் ஊர் 1908-இல் தீயில் எரிந்துபோனது. மறுவருஷம் ஆர்ச்சி அங்கே போனார். நாற்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட டாக்டர். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடிகளை இலவசமாகக் கொடுப்பாராம். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை அளந்து குறித்தும் வைத்தார். 1945-இல் அது ஆய்வுக் கட்டுரையானபோது அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் உன் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆட்கள். லைப்ரரியில் கிடைத்தால் பார்.

அப்புறம், உன் பழைய கண்ணாடி இரண்டு பீரோவில் கிடக்கிறது. பின்வீட்டுப் பையன் போர்டு தெரியாமல் முதல் பெஞ்சுக்கு ஓடுகிறானாம். அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். ஃபிரேம் மட்டும் அவனுக்குக் கொடுக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா