நாலு பேராகத் திரும்பி வந்த பாட்டு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்துக் கொஞ்ச நாள் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதனால்தான் பதில் தாமதம். நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் ஆபரேஷன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ விசாரித்ததைச் சொன்னேன், முகமெல்லாம் சிரிப்பு. என் கீபோர்டு வகுப்பு வழக்கம்போல நடக்கிறது. கிரேடு தேர்வு நெருங்குவதால் வீட்டில் காலையும் மாலையும் ஸ்கேல் சத்தம்தான்.

சரி, உன் மகள் கேட்டதற்கு வருகிறேன். அவளை டேக் தட் என்ற பிரிட்டிஷ் பாட்டுக் குழுவின் கச்சேரிக்கு அழைத்துப் போனதையும், அவர்களுடைய ‘பேஷன்ஸ்’ (பொறுமை) என்ற பாட்டு தொடங்கியதும் சுற்றி இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும், “இது சாதாரணக் காதல் பாட்டுதானேம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு?” என்று அவள் கேட்டதையும் எழுதியிருந்தாய். நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் அவள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பெண்கள் அதைத் தனியாகக் கேட்கவில்லை, அதற்கு முந்தைய பத்து வருஷத்தோடு சேர்த்துக் கேட்கிறார்கள். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் அவளுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். படித்துக் காட்டு.

1990இல் மான்செஸ்டரில் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்ற மேனேஜர் சேர்த்த ஐந்து பையன்கள்தான் டேக் தட். கேரி பார்லோ பதின்வயதிலேயே கிளப்புகளில் கீபோர்டு வாசித்துப் பாடிப் பழகியவர். ஹோவர்ட் டொனால்டும் ஜேசன் ஆரஞ்சும் பிரேக் டான்ஸ் ஆடுகிறவர்கள். மார்க் ஓவன், ராபி வில்லியம்ஸ் இருவரும் சின்னவர்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே தீர்மானமாகிவிட்டது. கேரி எழுதுவார், பெரும்பாலும் அவரே பாடுவார், மற்றவர்கள் ஆடுவார்கள், பின்குரல் கொடுப்பார்கள். ‘ப்ரே’, ‘பேக் ஃபார் குட்’ இரண்டும் கேரி தனியாக எழுதியவை. அந்த ஏற்பாட்டில் பிரிட்டன் பட்டியலில் எட்டு முறை முதலிடம் பிடித்தார்கள். ‘பேக் ஃபார் குட்’ அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் போனது. ஆனால் ஒருவர் மட்டும் பேச, மற்றவர்கள் தலையாட்டும் வீடு எத்தனை நாள் நிற்கும்? 1995 ஜூலையில் ராபி குழுவை விட்டுப் போனார். 1996 பிப்ரவரி 13 அன்று மற்ற நால்வரும் முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அழுத பெண் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லத் தனியாகத் தொலைபேசி உதவி எண்கள் வைத்தார்கள். இன்று அதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பதினான்கு வயதில் வரும் துக்கமும் துக்கம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ராபி ‘ஏஞ்சல்ஸ்’ பாடி எங்கேயோ போய்விட்டார். 2003இல் இங்கிலாந்தின் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று இரவு அவர் பாடியபோது மூன்றே முக்கால் லட்சம் பேர் வந்தார்கள். எல்லாரும் பெரிய நட்சத்திரம் ஆவார் என்று எதிர்பார்த்த கேரிக்கு முதல் தனி ஆல்பம் நன்றாகப் போனது, 1999இல் வந்த இரண்டாவது விழுந்தது. இசை நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தமும் போயிற்று. உடம்பு பெருத்து, வெளியே தலைகாட்டாமல், மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். பேட்டிகளில் ராபி அவரைக் கிண்டல் செய்வது வேறு. மார்க் 2002இல் பிரபலங்களுக்கான பிக் பிரதர் நிகழ்ச்சியில் ஜெயித்தார், ஹோவர்ட் டிஜே ஆனார், ஜேசன் படிக்கப் போனார்.

2005 நவம்பரில் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி அவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் காட்டியது. ராபி நேரில் வரவில்லை, அவர் பேசிப் பதிவு செய்து அனுப்பியதைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். அதே மாதம் பழைய பாட்டுகளின் தொகுப்பு வெளியானது, 2006இல் சுற்றுப்பயணம் என்ற அறிவிப்பும் வந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ராபி பாட வேண்டிய இடத்தில் அவருடைய ஒளி உருவத்தை மேடையில் நிறுத்தினார்கள். ஆள் இல்லை, உருவம் மட்டும். அதை நினைக்கும்போது இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தாலே போதும், கலா. பழைய பாட்டு, நிறைந்த அரங்கம், நல்ல பணம். பிரிந்து சேரும் குழுக்கள் பல அப்படித்தான் செய்கின்றன. அதில் தப்பும் இல்லை. ஆனால் இவர்கள் புதிய ஒப்பந்தம் போட்டுப் புதிய பாட்டு எழுத உட்கார்ந்தார்கள். இந்த முறை எழுதியவர் என்ற இடத்தில் நாலு பேர் பெயரும் இருந்தது. கூட ஜான் ஷாங்க்ஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர். அந்த ஆல்பம் ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’, ‘பேஷன்ஸ்’ அதில் வந்த பாட்டுதான். அதில் நாலு பேரும் முன்குரல் பாடுகிறார்கள், அதுவரை ஆடிக்கொண்டே இருந்த ஜேசன் உட்பட. என்னைக் கேட்டால் அவர்கள் திரும்பி வந்து ஜெயித்ததற்குக் காரணம் இதுதான். ரசிகர்களுடைய பழைய நினைவு டிக்கெட் வாங்க வைக்கும். ‘பேஷன்ஸ்’ மாதிரி ஒரு புதுப் பாட்டை நாலு வாரம் பிரிட்டன் பட்டியலில் முதலிடத்தில் நிறுத்த அது மட்டும் போதாது.

அந்த நாலு வாரம் 2006 நவம்பர் கடைசியில் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் லியோனா லூயிஸ் என்ற பாடகியின் பாட்டு வந்து அதைக் கீழே தள்ளும் வரை. அவர்களுக்கு அது ஒன்பதாவது முதலிடம், பிரிந்த பிறகு முதலாவது. 2007 பிப்ரவரியில் சிறந்த பிரிட்டிஷ் தனிப்பாட்டு (சிங்கிள்) என்று, பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதும் கிடைத்தது.

இப்போது பாட்டுக்கு வருவோம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக வாசித்துப் பார்த்திருக்கிறேன். கிட்டார் ஒன்றுதான் தொடங்கி வைக்கிறது. கேரி கீழ்க்குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல ஆரம்பிக்கிறார். பழைய காயம் இன்னும் ஆறவில்லை, நான் முயற்சி செய்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள், இவ்வளவுதான் சேதி. பல்லவிக்கு வந்ததும் குரல் சட்டென்று மேலே ஏறுகிறது. வசதியாக நின்று பாடும் உயரம் இல்லை அது, எட்டிப் பிடிக்க வேண்டிய உயரம். அந்த இடத்தில் மற்ற மூவரும் கீழே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் எட்டுகிறார், மூன்று பேர் தாங்குகிறார்கள். உன் மகளை அந்தப் பல்லவியில் மேல் குரலை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் குரல்களை மட்டும் கேட்கச் சொல். ஹெட்போனில் கேட்டால் நன்றாகப் பிரிந்து தெரியும்.

அப்புறம் இன்னொன்று. 1995இல் வந்த ‘பேக் ஃபார் குட்’டை இதன் பக்கத்தில் வைத்துக் கேள். நான் என்ன செய்திருந்தாலும், என்ன சொல்லியிருந்தாலும் மன்னித்துவிடு, திரும்பி வா என்று அவசரப்படுகிற பையன் அதில் இருக்கிறான். ‘பேஷன்ஸ்’ பாடும்போது கேரிக்கு முப்பத்தைந்து வயது, ஹோவர்டுக்கு முப்பத்தெட்டு. இதில் பாடுகிற ஆளுக்கு எதையும் உடனே தர முடியாது என்று தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லவும் செய்கிறான். அவர்களோடு சேர்ந்து வளர்ந்த பெண்களுக்கும் அதற்குள் கல்யாணம், பிரிவு, பிள்ளை, வேலை போனது என்று என்னென்னவோ நடந்திருக்கும். இவர்கள் இருபது வயதுப் பையன்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அந்தப் பெண்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். தங்கள் வயதிலேயே வந்து நின்று பாடினார்கள். அதனால்தான் அந்தப் பெண்கள் அழுதார்கள், கலா. அதை உன் மகளுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீடியோ பார்த்திருக்கிறாளா? ஐஸ்லாந்தில் எடுத்தது. கரடுமுரடான நிலத்தில் நாலு பேரும் தனித்தனியாக மைக் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டும் சுமந்துகொண்டும் நடந்து கடைசியில் ஓரிடத்தில் சேர்கிறார்கள். ஆட்டம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அதிகப்படியான உருவகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

2010இல் ராபியும் கேரியும் சேர்ந்து ‘ஷேம்’ எழுதிப் பாடினார்கள், பிறகு ஐந்து பேராக ‘ப்ராக்ரஸ்’ ஆல்பம். அடுத்த வருஷம் லண்டனின் வெம்பிளி அரங்கத்தில் மட்டும் எட்டு இரவு கச்சேரி. அது பெரிய கொண்டாட்டம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் என் மனதுக்கு நெருக்கம் 2006தான். அப்போது ஜெயிப்போம் என்று அவர்களுக்கே உத்தரவாதம் கிடையாது. ஜேசன் 2014இல் விலகிப் போனதால்தான் நீ பார்த்த மேடையில் மூன்றே பேர். அவர் யாரையும் குறை சொல்லாமல் போனார், மற்றவர்களும் அவர் இடத்தில் வேறு யாரையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. இந்த விஷயத்தில் அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். தம்பி வீட்டு வேலை கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது, தை மாதம் புதுமனை புகுவிழா வைக்கலாம் என்று பேச்சு. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மகளையும் அழைத்து வா, அவளோடு உட்கார்ந்து இந்தப் பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே பழைய புத்தகக் கடையில் ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ ஆல்பத்தின் பியானோ நோட்ஸ் கிடைத்தால் எனக்கு ஒன்று வாங்கி வா. என் வகுப்பில் இரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
மீனா