அஞ்சு தீவு வேண்டாம் பாப்பா

பாப்பா,

நீ அனுப்புன கிரீஸ் ட்ரிப் லிஸ்ட்ட அம்மா சத்தமா வாசிச்சா. மிகோனோஸ், பாரோஸ், நாக்சோஸ், சாண்டோரினி, மிலோஸ். எட்டு நாள்ல அஞ்சு தீவு, இது லீவா இல்ல கப்பல் டூட்டியான்னு கேட்டேன், அதுக்கு அவ நீங்களே எழுதுங்கன்னுட்டா, அதான் எழுதுறேன்.

நீங்க போறது ஆகஸ்ட் 10. அந்த சீசன்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு ஒரு காத்து, வடக்க இருந்து வரும், நம்ம வாடை மாதிரிதான், ஆனா அங்க அது ஆடி ஆவணிலதான் அடிக்கும். மேகமே இருக்காது, வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், நீ பீச்சுக்கு கெளம்பிட்டு இருப்ப, அங்க கப்பல் கேன்சல் ஆயிருக்கும். முதல்ல நிக்குறது சின்ன ஸ்பீடு போட்தான். பெரிய ஃபெர்ரி காத்து 8 பியூஃபோர்ட் (காத்து வேகத்த அளக்குற கணக்கு அது) வர்ற வரைக்கும் பெரும்பாலும் ஓடும், அதுனால மெதுவா போனாலும் பெருசுலயே ஏறு, ஏதன்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல இருந்து நாக்சோஸ் அஞ்சு மணி நேரம், டெக்ல உக்காந்து வேடிக்கை பாத்துட்டே போயிரலாம். அப்புறம் ஆகஸ்ட் 15 மாதா திருநாள், தீனோஸ் தீவு மாதா கோயிலுக்கு ஜனங்க முட்டி போட்டே போவாங்க, நம்ம வேளாங்கண்ணி மாதிரியே, அந்த வாரம் கப்பல்ல எடம் இருக்காது. டிக்கெட் இப்பவே போடணும். திரும்பி வர்ற கப்பலும் ஃப்ளைட்டும் ஒரே நாள்ல வைக்காத, கடைசி ராத்திரி ஏதன்ஸ்ல இருங்க. சொல்லிட்டேன்.

எறங்கும்போது பெட்டிய எடுத்துட்டு முன்னாடியே கீழ கார் நிக்குற எடத்துக்கு வந்துரு, தீவுல கப்பல் சில நிமிஷம்தான் நிக்கும், உனக்காக காத்திருக்காது.

சாப்பாடு. 2019ல நானும் அம்மாவும் போனப்ப சாண்டோரினில கடல் பாத்த ஒரு ஹோட்டல்ல (பேரு வேண்டாம்) தட்டுல அழகா மீன காட்டுனான், நானும் பெரிய கடல்காரன் மாதிரி செவுள தூக்கிப் பாத்து சரின்னேன். பில்லு வந்ததும்தான் தெரிஞ்சது மெனுல போட்டிருந்த ரேட்டு கிலோவுக்குன்னு. மீன தூத்துக்குடில பிடிச்சவனுக்கு நடந்த கதை இது, அம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. அதுனால முன்னாடியே எடை போடச் சொல்லி வெலையக் கேளு, அங்க அது தப்பில்ல. மெனுல பக்கத்துல ஸ்டார் போட்டிருந்தா ஃப்ரோசன். கேக்காமலே வர்ற ப்ரெட்டுக்கு பில்லுல கொஞ்சம் காசு வரும், சண்டை போடாத. ரசீது தரலன்னா காசே தர வேண்டாம்னு சட்டம், கடையில எழுதியே மாட்டியிருப்பாங்க.

மாப்பிள்ளை கவுச்சி தொடமாட்டாரேன்னு கவலப்படாத. ஆகஸ்ட் 1ல இருந்து 14 வரைக்கும் அவங்களுக்கு நோன்பு, நிஸ்டிசிமோ, அதாவது நோன்புச் சாப்பாடு, இருக்கான்னு கேளு, கறி, முட்டை, பால் எதுவும் சேராது. ஆனா கணவா, எறா, ஆக்டோபஸ் நோன்புல சேத்திதான், அத மட்டும் வேண்டாம்னு தனியா சொல்லிரணும். சாண்டோரினி ஃபாவா அவருக்கு ரொம்ப பிடிக்கும், மஞ்சப் பயறுல பண்றது, மேல வெங்காயம், ஆலிவ் எண்ண, அப்படியே நம்ம பருப்புக் கடைசல். பெரிய வெள்ளை பீன்ஸ தக்காளில போட்டு ஓவன்ல வைக்கிறது கிகாண்டஸ். தக்காளிக்குள்ள சோறு வச்சு வர்ற யெமிஸ்டால சில எடத்துல கொத்துக்கறி இருக்கும், "ஹோரிஸ் க்ரேயாஸ்?" கறி இல்லாமதானேன்னு கேட்டுக்கோங்க. பதில்ல "நே"ன்னா ஆமான்னு அர்த்தம், இல்லைன்னா தலைய மேல தூக்கி "ச்சு"ம்பாங்க, நம்ம ஊர்ப் பெருசுங்க மாதிரியே.

தண்ணியோரமா ஆள் நின்னு கூப்பிடுற கடைக்குப் போகாம ரெண்டு தெரு உள்ள போ, ராத்திரி ஒம்பதுக்கு மேல அங்கத்தவங்க குடும்பமா உக்காந்திருக்குற எடம் எதுன்னு பாரு. 88ல சீரோஸ் தீவுல எங்க கப்பல் ரிப்பேருக்கு ட்ரை டாக்ல கெடந்தப்ப மூணு வாரம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

நாக்சோஸ்ல நாலு ராத்திரி இருங்க. உருளைக்கிழங்குக்கும் சீஸுக்கும் பேர் போன ஊரு, சாயங்காலம் போர்ட்டாரா வாசல்கிட்ட நில்லுங்க, கோயில் கட்டி முடிக்காம வாசல் மட்டும் நிக்குது, 2500 வருஷத்துக்கும் மேல. மலை மேல அபிராந்தோஸ் கிராமத்துல தெருவே மார்பிள். சாண்டோரினி ரெண்டு ராத்திரி போதும், ஃபீரால இருந்து ஓயா வரைக்கும் பத்து கிலோமீட்டர், காலைல ஏழுக்கே நடக்க ஆரம்பிச்சிருங்க, நெழலே கெடையாது. சூரியன் மறையுறத பாக்க ஓயா கூட்டத்துல நசுங்க வேண்டாம், வழியில இருக்குற இமெரோவிக்லி கிராமத்துல நின்னாலும் அதே சூரியன்தான்.

ஏடிவி, அந்த நாலு சக்கர பைக்கு, வாடகைக்கு எடுக்குறது வேண்டவே வேண்டாம். பஸ் இருக்கு.

லிஸ்ட்ட மாத்தி இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்துடறேன். மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு.

அப்பா