மேனிபோல்டுக்குச் சிவப்பு அடிக்கப் போகிறாயா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாசல் வரைக்கும் நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் ஹோண்டா சிட்டி கார் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிபோல்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், சிவப்பில் பவுடர் கோட்டிங் (கலர்ப் பொடியைத் தெளித்து ஓவனில் உருக்கி ஒட்டவைப்பது) பண்ணலாமா, இல்லை பெயின்ட்டே போதுமா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே தாங்கும். புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் பக்கம் மாதிரி இன்டேக் பக்கம் சூடாவதில்லை, உள்ளே போவது வெளிக்காற்று, சிலிண்டருக்கு மேல் மூடியான ஹெட்டை ஒட்டிய இடம்கூட, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பவுடரை ஓவனில் வேக வைப்பதே 180 முதல் 200 டிகிரியில், அதனால் அது உருகி வழியுமோ என்ற பயம் வேண்டாம். உன்னுடையது வார்ப்பு அலுமினியம் என்பதால் நான் பவுடர்தான் சொல்வேன். பெட்ரோல் சிந்தினாலும் ஸ்பேனர் பட்டாலும் டப்பா ஸ்பிரேயைவிட நன்றாகத் தாங்குகிறது. இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் நைலான் மேனிபோல்டு, அதை ஓவனுக்குள் வைத்தால் கோணிக்கொள்ளும், அதற்குப் பெயின்ட் மட்டும்தான் வழி.

ஆனால் பவுடரா பெயின்ட்டா என்பதைவிட, அடிப்பதற்கு முன்னால் நடக்கிற வேலைதான் முக்கியம் மாப்ளே, அதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் பவுடர் கோட்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, கேட், கிரில், பீரோ, பம்ப் பாடி என்று நாள் முழுக்க ஓடுகிறது, கலரும் அருமையாகப் போடுகிறார்கள். கேட்டுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது, மேனிபோல்டுக்கு உண்டு, அதன் வழியாகப் போவதெல்லாம் நேராக சிலிண்டருக்குள் போகிறது. போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மாருதி எஸ்டீம் காரின் மேனிபோல்டை ஒரு பட்டறையில் கொடுத்தார். அழுக்கு போக நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் கிளாஸ் பீட் பிளாஸ்டிங் அடித்து, ஏர் மட்டும் பிடித்து ஊதிவிட்டு, கழுவாமலே கலர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே குழாய்களில் படிந்திருந்த எண்ணெய்க் கரியில் கண்ணாடிப் பொடி ஒட்டிக்கொண்டு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் மாட்டி ஓட்டிய கொஞ்ச நாளிலேயே புகை, கம்ப்ரஷன் இல்லை, திறந்து பார்த்தால் சிலிண்டர் சுவரெல்லாம் கோடு கோடாகக் கீறல். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது, நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதனால் பட்டறைக்குக் கொடுக்கும் முன்னால் சென்சார், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்பக்கத்தை நீயே சுத்தமாக்கு. முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஊறவைத்துக் கரியைக் கரைத்து எடு, அப்புறம் சோப்பு போட்ட சுடுதண்ணீரும் பாட்டில் பிரஷ்ஷும். யாராவது காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்பார்கள், கேட்காதே, காஸ்டிக் அலுமினியத்தையே தின்றுவிடும். பிளாஸ்டிங்குக்கு முன் எல்லா வாயையும் ரப்பர் கட்டையாலோ தகடு வைத்தோ இறுக்கி அடைத்துவிடு. முடிந்ததும் மறுபடி கழுவு, ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, காற்று போகும் சின்னத் துவாரங்களை மறக்காதே, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். ஓவனிலிருந்து வந்த பிறகும் இன்னொரு தடவை கழுவு, ஏனென்றால் சூட்டில்தான் மிச்சமிருக்கும் கரி விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது, வார்ப்பு உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும், இருபது வருஷத்துக்கு மேல் எண்ணெய்ப் புகை குடித்தது வேறு. பவுடரைத் தெளித்து நேராக ஓவனில் வைத்தால், உள்ளே மாட்டியிருக்கும் எண்ணெயும் காற்றும் உருகிக்கொண்டிருக்கும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், மேல்பரப்பெல்லாம் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். அதற்கு மருந்து, பவுடர் போடாமல் வெறும் மேனிபோல்டை ஒரு தடவை சுடவைப்பதுதான், அதுவும் பவுடர் வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடவே. ஆறியதும் கசிந்திருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் பவுடர் அடிக்க வேண்டும். பட்டறையில் இதைக் கேட்டால் சிலர் கரண்ட் செலவு என்று முகம் சுளிப்பார்கள், காசு கூடக் கொடுத்தாவது செய்யச் சொல்.

மறைக்க வேண்டிய இடங்களையும் நீயே டேப் ஒட்டிக் கொடு, சூடு தாங்கும் பச்சை பாலியெஸ்டர் டேப்பும் சிலிக்கான் மூடிகளும் வாங்கிக்கொள். ஹெட்டில் உட்காரும் முகம், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி முகம், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துவாரம், சென்சார் துவாரம், மரையெல்லாம் ஒரு பொட்டு பவுடர்கூடப் படக்கூடாது. பவுடர் 60 முதல் 100 மைக்ரான் வரை தடிக்கும், இரண்டு பாகத்துக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட் உட்காரும் முகத்தில் அது திட்டுத் திட்டாக நின்றால் காற்று இழுத்து ஐட்லிங் ஏறி இறங்கும். நட்டு உட்காரும் வட்டத்தையும் மறைத்துவிடு, இல்லாவிட்டால் நட்டுக்கு அடியில் பவுடர் நசுங்கி இறுக்கம் தளர்ந்துவிடும். எர்த் ஒயர் இடத்தையும் பார்த்துக்கொள். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் எர்த் ஒயரை மேனிபோல்டிலோ பக்கத்திலோதான் முறுக்கியிருப்பார்கள். பவுடர் கரண்ட்டைக் கடத்தாது, அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சென்சார் சென்சாராக மாற்றிக்கொண்டு இருப்பாய்.

கலர் பற்றி என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு வேண்டாம், சுருக்கம் விழுந்த சொரசொரப்புச் சிவப்பு போடு. ஃபெராரி எஃப்430-இல் மேலே தெரியும் இன்டேக் இரண்டும் அந்தச் சிவப்புதான், ஜப்பானில் விற்ற பழைய சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ கார்கள் சிலவற்றிலும் அப்படியே. வார்ப்பின் கரடுமுரடை அது அழகாக மறைக்கும். தூசி கொஞ்சம் தங்கும், பிரஷ் போட்டால் போகும். பவுடர் அடித்தால் காற்று குளிர்ந்து பவர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பானட்டைத் திறக்கும்போது மனசு நிறைகிறதே, அது போதும்.

பெயின்ட்தான் என்று முடிவு செய்தால் மழை விடும்வரை பொறு, ஈரக்காற்றில் தின்னர் பெயின்ட் வெளுத்துப்போகும். அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் கட்டாயம், தேய்த்துச் சுத்தம் செய்த அன்றைக்கே அடித்துவிடு.

கேஸ்கட்டும் இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் இப்போதே சொல்லி வை, பழைய சிட்டிக்கு உதிரி வர நாளாகிறது. இங்கே அனுப்புவதென்றால் கழுவி டேப் ஒட்டியே லாரி பார்சலில் போடு, ஓவன் வேலையை நான் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன். இரண்டு முகத்துக்கும் பிளைவுட் வைத்துக் கட்டி அனுப்பு, கேஸ்கட் முகத்தில் கீறல் விழக்கூடாது.

அன்புடன்,
உன் மாப்ளே